பெருவிரல் மூட்டைப் பூட்டிவிடலாமா?



காலின் பெருவிரலுக்காக இந்த மாதப் பக்கம் முழுவதையும் ஒதுக்குவதா என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். மாவனல்லையிலோ பலாங்கொடையிலோ உங்கள் வீட்டில் ஐம்பதைத் தாண்டிய உம்மாவோ மாமியோ தொழும்போது கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். சுஜூதிலிருந்து எழும்பும் நேரத்தில் முகம் சுளிக்கிறாரா? அத்தஹிய்யாத்தில் வலது பாதத்தை நட்டு வைக்காமல் பக்கவாட்டில் சாய்த்து விடுகிறாரா? கேட்டால் "முழங்கால் வருத்தம்" என்பார். முழங்காலில் தைலமும் தடவுவார். வலி சில வேளை முழங்காலில் இராது, பெருவிரலின் அடிமூட்டில் இருக்கும்.

ஒரு நாளைக்கு ஐவேளையும் சேர்த்துப் பர்ளு ரக்அத் 17. அதற்கு சுஜூது 34. சுன்னத்துத் தொழுகைகள் வேறு. ஒவ்வொரு சுஜூதிலும் பெருவிரல் அடிமூட்டில் மடங்குகிறது. இரு சுஜூதுகளுக்கு இடையிலும் அத்தஹிய்யாத்திலும் நட்டு வைப்பது வலது பாதம் ஆகையால் வலது பெருவிரலுக்கு வேலை இன்னும் கூடுதல். சாதாரணமாக நடக்கையில் மடங்குவதைவிட இது அதிகமான மடிப்பு. அதனால்தான் தெருவில் நடக்கும்போது தெரியாத வருத்தம் தொழுகைப் பாயில் முதலில் தெரிகிறது.

தோட்டத்துச் சகோதரிகளுக்கு வேறு இடங்களிலும் தெரியும். யட்டியந்தோட்டை, தெரணியகலை பக்கத்துச் சரிவுகளில் முதுகில் கூடையோடு ஏறும்போது உடற்பாரம் முழுவதும் பாதத்தின் முன்பக்கத்துக்கு வந்து பெருவிரலை உந்தித்தான் அடுத்த அடி வைக்கிறோம். இறப்பர் மரத்தடியில் குதிகாலைத் தூக்கிக் குந்தியிருந்து தாழ்ந்த வெட்டில் பால் வெட்டுகிறவருக்கும் அந்த மூட்டுத்தான் மடங்குகிறது. மலசலகூடத்தில் குந்தும்போதும் அப்படியே.

இந்த மூட்டில் வலி வருவதற்குக் காரணங்கள் பல. வயதோடு குருத்தெலும்பு தேய்ந்து, மூட்டின் மேற்பக்கத்தில் எலும்பு முளைத்து, விரல் மேல்நோக்கி மடங்க மறுக்கும் விறைப்பு ஒன்று. 1887ஆம் ஆண்டளவிலேயே இங்கிலாந்து வைத்தியர்கள் இதை எழுதி வைத்திருக்கிறார்கள். பெருவிரல் மற்ற விரல்கள் பக்கம் சாய்ந்து, உட்பக்கம் முண்டு போலப் புடைத்து நிற்பது இன்னொன்று. முடக்குவாதம் மூட்டையே தின்றுவிடுவது மூன்றாவது. இரவோடிரவாக மூட்டு சிவந்து, போர்வை பட்டாலும் உயிர்போகும் வலி எடுத்தால் அது பெரும்பாலும் கவுட் வருத்தம். அதற்கு மருந்துண்டு, உடனே கத்தியைத் தேடிப் போகவேண்டியதில்லை. இதைச் சொல்லக் காரணம், எல்லாவற்றையும் "வாதம்" என்று ஒரே பெயரில் அழைத்து ஒரே எண்ணெயைத் தேய்க்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை.

தேய்மானம் ஆரம்பத்தில் இருந்தால் செய்யக்கூடியவை உண்டு. அடி வளையாத கெட்டியான சப்பாத்து அணிந்தால் மூட்டு மடங்குவது குறைந்து வலியும் குறையும். வலி மாத்திரை, மூட்டுக்குள் போடும் ஊசி ஆகியவை சில காலம் கைகொடுக்கும். எலும்பு முளை மட்டுந்தான் தடை என்றால் அதைச் செதுக்கி எடுத்துவிடும் சிறிய சத்திரசிகிச்சை இருக்கிறது. அதில் மூட்டின் அசைவு காப்பாற்றப்படும். தொழுகையை நினைத்துக் கவலைப்படுகிறவர்கள் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, "எனக்கு அது போதுமா டொக்டர்?" என்பதுதான். வருத்தத்தைப் பத்து வருடம் பொறுத்துக்கொண்டு, மூட்டு முழுதும் போன பிறகு கிளினிக்குக்குப் போனால் அந்த வழி அடைபட்டிருக்கும். நம் பெண்களின் பொறுமை இந்த விஷயத்தில் நஷ்டத்தையே தருகிறது.

மூட்டு முழுதும் போய்விட்டால்? விரலின் அடியெலும்பில் ஒரு துண்டை வெட்டி நீக்கி இடைவெளி விடும் முறையொன்று அமெரிக்க வைத்தியர் கெல்லரின் பெயரால் 1904 முதல் வழங்குகிறது. அசைவு இருக்கும், ஆனால் விரலுக்கு உந்தும் பலம் போய்விடும். வீட்டுக்குள் நடமாடும் முதியவருக்குச் சரி, மலையேறிக் கொழுந்து பறிப்பவருக்கு அது சரிவராது. முழங்காலுக்குப் போல செயற்கை மூட்டு போடலாமே என்பீர்கள். ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் 63 நோயாளர்களை இரண்டு பிரிவாக்கி ஒப்பிட்டு 2005இல் முடிவை வெளியிட்டார்கள். மூட்டை இணைத்து அசைவை நிறுத்திய 38 விரல்களும் ஒட்டிவிட்டன. செயற்கை மூட்டு பொருத்திய 39இல் 6 தளர்ந்து போய்த் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. பிறகு மூட்டுக்குள் வைக்கும் மென்மையான செயற்கைக் குருத்து ஒன்று 2016இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றுப் பெரிதாகப் பேசப்பட்டது. எதிர்பார்த்ததைவிட அதிகமானோருக்குச் சரிவராமல் போனதால் 2024இல் தயாரித்த நிறுவனமே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. புதிதாக வந்தது என்பதற்காக ஒன்றை நம்பிவிட முடியாது, அந்நியநாட்டிலிருந்து வந்ததென்றாலும் சரி.

ஆகவே முற்றிய நிலையில் பெரும்பாலான வைத்தியர்கள் சொல்வது, மூட்டைப் பூட்டிவிடுவது. இரண்டு எலும்பு முனைகளிலும் மிஞ்சிய குருத்தைச் சுரண்டி எடுத்து, ஒன்றோடொன்று சேர்த்து அசையாமல் பிடித்து வைத்தால், முறிந்த எலும்பு ஒட்டுவதைப் போலவே அவை ஒரே எலும்பாகிவிடும். அசைவு போனால் வலியும் போகும். இது பழைய வித்தை. லண்டன் சென் தோமஸ் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த கிளட்டன் என்பவர் 1894இலேயே இதை எழுதியிருக்கிறார். அன்று அவர் எலும்புகளைப் பிடித்து வைக்கப் பயன்படுத்தியது யானைத் தந்தத்தில் செய்த முளைகள்! இன்று தந்தம் இல்லை, அதன் இடத்துக்கு ஏகப்பட்ட போட்டியாளர்கள் வந்துவிட்டார்கள். கிளினிக்கில் "கம்பியா, ஸ்க்ரூவா, பிளேட்டா" என்று பேசிக்கொள்வது இதைத்தான்.

முதலில் கம்பி. ஜேர்மன் வைத்தியர் கிர்ஷ்னர் 1909இல் கொண்டுவந்ததால் அவர் பெயரோடு வழங்கும் மெல்லிய உருக்குக் கம்பி இது. மலிவு. எந்த ஆஸ்பத்திரியிலும் இருக்கும். முடக்குவாதத்தால் எலும்பு மாவாகி, ஸ்க்ரூ கடித்துப் பிடிக்க இடமில்லாதவர்களுக்குத் தடித்த கம்பி இன்றும் உதவுகிறது. ஆனால் கம்பி எலும்பை நிறுத்தி வைக்குமே தவிர இரண்டையும் இறுக்கி அழுத்தாது. அத்தோடு அதன் நுனி பெரும்பாலும் தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சில வாரங்களுக்குப் பின் இழுத்து எடுத்துவிடுவார்கள். அதுவரை அந்த ஓட்டை கிருமிக்குத் திறந்த வாசல். இரத்தினபுரி மாவட்டத்தின் மழையையும் லயத்து முற்றத்துச் சேற்றையும் அட்டையையும் நினைத்துப் பாருங்கள். கம்பி போட்ட காலோடு அந்த முற்றத்தில் ஆறு வாரம் என்பது சாமானியமில்லை. கம்பிதான் போடுவதென்றால் உலர்ந்த தரையுள்ள உறவினர் வீட்டில் அந்த வாரங்களைக் கழிக்க முடியுமா என்று குடும்பத்தில் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஸ்க்ரூ. ஒன்று போடுவதும் உண்டு, இரண்டைப் பெருக்கல் குறி போலக் குறுக்காகப் போடுவதும் உண்டு. மெக்கீவர் என்ற அமெரிக்க வைத்தியர் 1952இல் ஸ்க்ரூ முறையை எழுதிய பிறகு இது பரவியது. ஸ்க்ரூவின் சிறப்பு அழுத்தம். தச்சர் இரண்டு பலகையைச் சேர்த்து ஆணி முறுக்கும்போது இடைவெளி மூடிப்போவதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். வெளியே எதுவும் நீட்டாது. பிளேட்டைவிட விலை குறைவு. எலும்பு திடமாக இருக்கவேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

பிளேட் என்பது மூட்டின் மேற்பக்கத்தில் படுக்க வைத்து நாலைந்து சின்ன ஸ்க்ரூவால் பூட்டும் தகடு. இப்போது விரலின் சாய்வுக்கேற்ப முன்பே வளைத்த டைட்டேனியத் தகடுகள் வருகின்றன. ஸ்க்ரூவின் தலையே தகட்டில் மரை பதித்துப் பூட்டிக்கொள்ளும் வகையும் உண்டு, எலும்பு மெலிந்தவர்களுக்கு அதைத் தேர்வார்கள். விலைதான் கூடுதல். இன்னொரு விஷயம் எந்தப் புத்தகத்திலும் நமக்காக எழுதியிருக்காது. பெருவிரலின் மேலே தோல் மிக மெல்லியது. அந்தத் தோலுக்குக் கீழேதான் தகடு இருக்கும். நாம் அணிவதோ பாட்டாச் செருப்பு. அதன் வார் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே புகுந்து மேலே சரியாக அந்த இடத்தில்தான் உராயும்! தகடு போட்டவர்கள் அகலப் பட்டி வைத்த செருப்புக்கு மாறிக்கொள்வது நல்லது.

இவை தவிர, உடம்புச் சூட்டில் தானே சுருங்கி இறுக்கும் உலோகக் கொக்கிகளும், எலும்பைச் சுற்றிக் கட்டும் கம்பி வளையங்களும் உண்டு. நம் பக்கத்துக் கிளினிக்கில் உங்களிடம் பேசப்படப் போவது பெரும்பாலும் முதல் மூன்றுதான்.

எது பலமானது? செயற்கை எலும்பை வைத்து முறுக்கியும் வளைத்தும் ஆய்வுகூடத்தில் பார்த்து 2003இல் வெளியிட்ட ஓர் ஒப்பீட்டில், சாய்வான ஒரு ஸ்க்ரூவும் மேலே தகடும் சேர்ந்த கூட்டு முதலிடம் பெற்றது. கம்பியும், ஸ்க்ரூ சேராத தனித் தகடும் பின்தங்கின. தகடு தனியாக நின்றால் அது கதவுக்கு மேலே மட்டும் அடித்த கீல் போல. அடிப்பக்கம் வாய் பிளக்கும், பாரம் விழுவதோ அடிப்பக்கம். உள்ளே ஒரு ஸ்க்ரூ குறுக்கே போனால் பிளவு மூடிக்கொள்ளும்.

ஆனால் ஆய்வுகூடத்து எலும்பு வேறு, ஆறு வாரம் காலைத் தூக்கி வைத்திருக்கும் மனுஷியின் எலும்பு வேறு. நோயாளர்களில் குறுக்கு ஸ்க்ரூவையும் தகட்டையும் ஒப்பிட்டவர்கள் எலும்பு ஒட்டும் விகிதத்தில் பெரிய வித்தியாசம் காணவில்லை. பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2011இல் வந்த கணக்கின்படி, நூற்றுக்கு 5 பேரளவில்தான் எலும்பு ஒட்டாமல் போகிறது. அவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கே அதனால் வலி. உறுத்துகிறது என்று உலோகத்தைத் திரும்ப எடுக்கவேண்டி வந்தது நூற்றுக்கு 8 பேரளவில். ஆகவே அரசாங்க ஆஸ்பத்திரியில் "ஸ்க்ரூதான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டால் மலைத்துப்போய், நகையை அடகு வைத்துத் தகடு வாங்க ஓடவேண்டிய அவசியம் பெரும்பாலானவர்களுக்கு இல்லை என்பது என் அபிப்பிராயம். நம் நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக்குக் காசு வாங்குவதில்லை. இருந்தும் 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்தும் சத்திரசிகிச்சைச் சாமான்களும் தட்டுப்பட்டதை நாம் எல்லோரும் அனுபவித்தோம். வெளியில் சாமான் வாங்கிவரச் சொன்னால், "இதுதான் கட்டாயமா, ஸ்க்ரூ மட்டும் போட்டால் என் எலும்புக்குப் போதாதா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். போதாது என்றால் காரணத்தைச் சொல்வார். முடக்குவாத எலும்பு, முன்பு செய்த சத்திரசிகிச்சை பிழைத்துப்போன விரல், எலும்புத் துண்டு வைத்து நீளம் கூட்டவேண்டிய விரல் ஆகியவற்றுக்குத் தகடு தேவைப்படலாம்.

உலோகத்தைவிட முக்கியமானது ஒன்றுண்டு. விரலை எந்தக் கோணத்தில் பூட்டுகிறார்கள் என்பது. ஒட்டிய பிறகு மாற்ற முடியாது, ஆயுள் முழுவதும் அந்தக் கோணந்தான். சாதாரணமாகத் தரையிலிருந்து 10 முதல் 15 பாகையளவு உயர்த்தி, மற்ற விரல்கள் பக்கம் சற்றே சாய்த்து வைப்பார்கள். மேசையிலேயே பாதத்தின் அடியில் ஒரு தட்டையான தட்டை வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். அதிகம் உயர்ந்தால் நகம் சப்பாத்தில் முட்டும், விரலின் அடியில் பாதம் காய்த்துப் போகும். அதிகம் தாழ்ந்தால் நுனி தரையில் குத்தி, நகத்துக்குக் கீழுள்ள சின்ன மூட்டு நாளடைவில் தேய்ந்துவிடும். முனைகளைக் கிண்ணமும் குமிழுமாகச் செதுக்கினால் ஒரு சிரட்டைக்குள் இன்னொரு சிரட்டை போல அமர்ந்து, எந்தப் பக்கமும் திருப்பிக் கோணத்தைச் சரிசெய்ய இடம் கிடைக்கும். தட்டையாக அறுத்தால் அறுத்தது அறுத்ததுதான். குதி உயர்ந்த சப்பாத்து அணிகிறவருக்குக் கொஞ்சம் உயர்த்துவார்கள். வெறுங்காலோடும் தட்டைச் செருப்போடும் நடக்கும் நமக்கு அது வேண்டாம். இதை வைத்தியராக ஊகிக்க முடியாது, நீங்கள்தான் சொல்லவேண்டும். "நான் மலையில் வேலை செய்கிறவள், வீட்டில் வெறுங்கால், ஐவேளை சுஜூது செய்கிறவள்" என்று கையெழுத்துப் போடுவதற்கு முன் சொல்லிவிடுங்கள். படிவம் சிங்களத்தில் இருந்தால் வாசிக்கத் தெரிந்த மகளையோ மருமகளையோ கூட்டிப்போங்கள். தெரியாத எழுத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு அழுவதில் பயனில்லை.

இனி, நீங்கள் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விக்கு வருகிறேன். பூட்டிய விரலோடு சுஜூது செய்ய முடியுமா? பெருவிரல் அடியில் மடங்காது. அதை மறைத்துப் பேசக்கூடாது. மற்ற நான்கு விரல்களும் சுகமாக இருந்தால் அவை மடங்கித் தரையில் ஊன்றும். பெருவிரலின் நுனி மூட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். பாயின் அடியில் மெத்தென்ற துணியை மடித்து வைத்தால் உறுத்தல் குறையும். அத்தஹிய்யாத்தில் வலது பாதத்தை முன்போல நட்டு வைப்பது பலருக்குக் கஷ்டமாகவே இருக்கும். இயலாதவர் தம்மால் இயன்றபடி தொழலாம் என்பது நாம் எல்லோரும் அறிந்தது. உங்கள் காலுக்கு எது பொருந்தும் என்பதை ஊர் ஆலிமிடம், முடிந்தால் சத்திரசிகிச்சைக்கு முன்பே கேட்டு மனதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கட்டுப்போட்ட காலுக்கு வுளூ எப்படி, தயம்மும் எப்போது என்பதையும் அதே தடவையில் கேட்டுவிடலாம். மூட்டு முற்றிலும் தேய்ந்தவருக்கு வலியோடு அரைகுறையாக மடங்கும் விரலைவிட வலியில்லாத மடங்காத விரல் தொழுகையில் நிம்மதி தரக்கூடும். ஆனால் மூட்டு இன்னும் பாதியாவது அசைகிறது, வலி சமாளிக்கக்கூடியது என்றால் பூட்ட அவசரப்படாதீர்கள். பூட்டியதைத் திரும்பத் திறக்க முடியாது.

சத்திரசிகிச்சைக்குப் பின் ஆறு வாரம் அடி வளையாத சப்பாத்தில் குதிகாலை மட்டும் ஊன்றி நடக்கச் சொல்வார்கள். ஆறாம் வாரமும் பன்னிரண்டாம் வாரமும் எக்ஸ்ரே எடுத்து ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். முதல் இரண்டு வாரம் காலைத் தலையணையில் உயர்த்தி வைத்திருப்பதுதான் முழுநேர வேலை. இதை மருமகள்களும் மகன்களும் வாசிக்கவேண்டும். மாமி அடுப்படியில் நின்றால் வீக்கம் வடியாது, வீக்கம் வடியாவிட்டால் காயம் ஆறாது. சரிவான படிக்கட்டுள்ள வீடென்றால் கீழறையில் படுக்கை போடுங்கள். குந்தும் மலசலகூடத்துக்கு நாற்காலி வகைச் சட்டம் ஒன்றைத் தச்சரிடம் அடித்துக்கொள்ளலாம். கொழுந்து மலைக்குத் திரும்ப மூன்று மாதமாவது ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாட்சம்பளம் இல்லாத அந்த மாதங்களுக்கு வழியைக் குடும்பம் முன்பே பார்க்கவேண்டும்.

எலும்பு ஒட்டுவதைக் கெடுப்பவை இரண்டு. ஒன்று சீனி வருத்தம். சத்திரசிகிச்சைக்கு முன்பே சீனியைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தாக வேண்டும். பாதத்தில் உணர்ச்சி மங்கியிருந்தால் அதை மறைக்காமல் சொல்லவேண்டும். மற்றது புகையிலை. பீடி, சிகரெட் ஆண்கள் சமாச்சாரம் என்பீர்கள். வெற்றிலையோடு அடக்கிக்கொள்ளும் புகையிலைத் துண்டில் இருப்பதும் அதே நிக்கொட்டின்தான், அது இரத்தக் குழாயைச் சுருக்கி எலும்புக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கிறது. வெற்றிலை போடும் மாமிமார் சில வாரங்களுக்கு முன்பிருந்தே அதை விட்டுவிட வேண்டும்.

கடைசியாக நாள் குறிப்பது பற்றி. சபரகமுவ மலைகளில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவ மழை. அவசரமில்லாத இந்தச் சத்திரசிகிச்சையை ஜனவரி, பெப்ரவரி போன்ற காய்ந்த மாதங்களில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கிளினிக்கில் கேட்டுப் பாருங்கள். ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ பெயர் கொடுத்திருப்பவர்கள் பயண மாதத்தையும் வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள். ஸஃபா, மர்வா ஓட்டம் மட்டுமே ஏறக்குறைய 3 கிலோமீட்டர், தவாஃபின் ஏழு சுற்று அதற்கு வெளியே. ஒட்டி உறுதியாகாத விரலோடு அந்தத் தூரத்தை நடக்கக்கூடாது, பயணத்துக்கும் சத்திரசிகிச்சைக்கும் நடுவே அரை வருடமாவது விடுங்கள்.